வீதியில் குற்றம், கூடத்தில் கலை: 'ஸ்டேட் பிரிட்டன்' எழுப்பிய விவாதம்

வீதியிலிருந்து காவல்துறை அகற்றிய பதாகைகளின் நகல்கள், அரசு நிதியுதவி பெறும் கலைக்கூடம் ஒன்றில் வைக்கப்பட்டால் அவை குற்றமாகுமா, கலையாகுமா? 2007 ஆம் ஆண்டு லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் கலைஞர் மார்க் வாலிங்கர் காட்சிக்கு வைத்த 'ஸ்டேட் பிரிட்டன்' என்ற படைப்பு இக்கேள்வியை எழுப்பியது.

இராக் மீதான பொருளாதாரத் தடைகளை எதிர்த்து, 2001 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் எதிரே போராட்டத்தைத் தொடங்கியவர் பிரையன் ஹா. இராக் போருக்குப் பின்னர் அவரது பதாகைகளும் புகைப்படங்களும் சுமார் 40 மீட்டர் நீளத்துக்குப் பெருகின. நாடாளுமன்றச் சதுக்கத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரையான பகுதியில் முன் அனுமதியற்ற ஆர்ப்பாட்டங்களை 2005 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2006 மே 23 அன்று காவல்துறையினர் அவரது பொருட்களில் பெரும்பகுதியை அகற்றினர்.

அவற்றில் 600-க்கும் மேற்பட்ட பொருட்களை, அழுக்கும் கிழிசலும் மாறாமல் வாலிங்கர் மறுஉருவாக்கம் செய்தார். அந்த 1 கிலோமீட்டர் வட்டம் கலைக்கூடத்தின் ஊடாகச் செல்வதைக் குறிக்கத் தரையில் ஒரு கோடும் இட்டார். படைப்பின் ஒரு பகுதி அக்கோட்டுக்கு உள்ளே இருந்தது. ஆயினும் காவல்துறை அதை அகற்றவில்லை. அதே ஆண்டு, இப்படைப்புக்காக அவருக்கு டர்னர் பரிசும் கிடைத்தது.

வீதியில் பறிக்கப்பட்ட குரலுக்குக் கலை அடைக்கலம் தந்தது என்று இதைப் பார்க்கலாம். ஆனால் அரசியல்வாதிகள் அன்றாடம் கடந்து செல்லும் இடத்தில் இருந்த ஓர் எதிர்ப்பு, கலைக்கூடத்துக்குள் ஆபத்தற்ற காட்சிப்பொருளாகிவிட்டது என்ற வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சகிப்புத்தன்மை கலைக்கு மட்டுமே கிடைத்தது, குடிமகனுக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாடு புலம்பெயர் தமிழர்களுக்கும் அந்நியமானதல்ல. 2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை, இலங்கைப் போரை நிறுத்தக் கோரி பிரிட்டன்வாழ் தமிழர்கள் அதே சதுக்கத்தில் திரண்டபோது, அதே சட்டம்தான் நடைமுறையில் இருந்தது.

முன் அனுமதி கோரும் அந்த விதிகள் 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டன. எனினும் சதுக்கத்தில் கூடாரம் அமைப்பதற்கும், அனுமதியின்றி ஒலிபெருக்கி பயன்படுத்துவதற்கும் அதே சட்டம் கட்டுப்பாடுகளை விதித்தது. பிரையன் ஹா 2011 ஜூனில் காலமானார்.

ஒரு கலைப்படைப்பு சட்டத்தை மாற்றிவிட்டது என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். ஆனால் சட்டத்தின் எல்லை எங்கே ஓடுகிறது என்பதைப் பார்வையாளரின் காலடியிலேயே அது காட்டியது. அந்தக் கோட்டை யார் வரைந்தார்கள், எதற்காக வரைந்தார்கள் என்பது கலைஞர்கள் மட்டும் விவாதிக்க வேண்டிய விஷயமல்ல.