காரோட்டும் சகோதரிக்கு: கிளச் மேல் கால் வேண்டாமே!

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே எங்கள் கார் முரண்டு பிடித்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறுகிறது, வேகமோ கூடவில்லை. தீய்ந்த நாற்றம் வேறு! பின் சீட்டில் குழந்தை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மெல்லத் திருப்பி இறங்கிவிட்டோம்.

"கிளச் வழுக்குதும்மா. பிளேட் தேஞ்சு போச்சு. எப்பவும் பெடல் மேலேயே காலை வெச்சிருப்பீங்களோ?" என்றார் மெக்கானிக். அசடு வழிந்தேன்.

நீங்களும் ஒருமுறை பாருங்களேன். முன்னால் ஆளில்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் ஓடினால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சில சமயம் கேபிளைச் சரிசெய்தாலே போதும். மேட்டில் நிற்கும்போது கிளச்சில் தாங்காமல் பிரேக்கைப் போடுங்கள். கியர் மாற்றியதும் கால் கீழே இறங்கட்டும், பர்ஸ் பிழைக்கும்!