நுரைக்குக் கீழே

2024 டிசம்பரில் பிரிட்டனில் ஒரு விநோதமான தட்டுப்பாடு. பாலுக்கு இல்லை, பெட்ரோலுக்கு இல்லை, கின்னஸுக்கு. கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயத்தில் கிராக்கி எகிறிவிட, ஒவ்வொரு பப்புக்கும் இத்தனை பீப்பாய்தான் என்று கம்பெனி அளந்து கொடுக்க ஆரம்பித்தது. எனக்கு நம் ஊர் மண்ணெண்ணெய் கார்டு ஞாபகம் வந்தது. காரணம் சொன்னவர்கள் இளைஞர்களைக் கைகாட்டினார்கள். முதல் மடக்கிலேயே கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடு, கண்ணாடி டம்ளரில் அச்சடித்திருக்கும் 'ஜி' எழுத்தின் நடுவில் வந்து நிற்க வேண்டும் என்றொரு விளையாட்டு அப்போது இன்ஸ்டாகிராமில் பரவிக்கொண்டிருந்தது.

1759ல் தொடங்கிய ஆலையின் சரக்குக்கு இருபது வயதுப் பிள்ளைகள் இப்படிப் பறக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும். அல்லது இருப்பதாக எல்லோரும் நம்ப வேண்டும். இரண்டில் எது என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம்.

நான் முதலில் குடித்தது டப்ளினில். வேறு வேலையாகப் போன இடத்தில் ஒரு மாலை சும்மா கிடைத்தது. பப்பில் இருந்தவர் டம்ளரைச் சாய்த்து முக்கால்வாசி பிடித்து, ஓரமாக வைத்துவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்துக் கையைத் தூக்கினேன். பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் என் கையை மெல்ல இறக்கிவிட்டார். அது அடங்க வேண்டுமாம். அடங்கிய பிறகுதான் மிச்சத்தை ஊற்றுவார்களாம். மொத்தம் 119.5 விநாடி என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது. அரை விநாடியையும் விடாமல் சொல்லும்போது ஒரு மரியாதை வந்துவிடுகிறது, பாருங்கள்.

நான் எதிர்பார்த்தது தார் போன்ற கனம், கஷாயக் கசப்பு, இரண்டாவது மடக்கில் ஒரு கிறுகிறுப்பு. வந்தது வேறு. மேலே பாலாடை மாதிரி நுரை. அதற்குக் கீழே லேசாகத் தீய்ந்த காப்பிக்கொட்டையின் வாசனை, ஓரத்தில் ஒரு துளி புளிப்பு, கடைசியில் நாக்கை உலர்த்தும் கசப்பு. அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீராக இறங்கியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசை இரண்டரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்தது ஒரு சாதுவான பசு.

பசு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டப்ளினில் குழாயிலிருந்து பிடித்துத் தரும் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவிகிதம்தான். ஐரோப்பாவின் சாதாரண மஞ்சள் பீரில் 5 இருக்கும். நம் நாட்டில் 'ஸ்ட்ராங்' என்று எழுதி விற்பவை 8 வரை போகும். ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி கின்னஸில் சுமார் 210 கலோரி. பல சாதாரண பீர்களில் அதைவிட அதிகம். கறுப்பு நிறத்துக்குக் காரணம், முளைகட்டாமல் கருக வறுத்த பார்லி. மொத்தத் தானியத்தில் அது சுமார் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கறுப்பும் முழுக் கறுப்பு இல்லை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மாணிக்கச் சிவப்பு தெரியும். ஒரே ஒரு கைப்பிடி வறுத்த தானியம் ஒரு பானத்துக்கு எத்தனை பயில்வான் வேஷம் போட்டுவிடுகிறது!

வேஷங்களில் மோசமானது வைத்தியர் வேஷம். கம்பெனி 1929ல்தான் முதல்முதலாகப் பெரிய அளவில் விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. கின்னஸ் உடம்புக்கு நல்லது என்பதே வாசகம். பிறகு ஜான் கில்ராய் என்ற ஓவியர் வந்தார். 1935ல் பெரிய அலகுள்ள டூக்கான் பறவை வந்தது. அந்தப் போஸ்டர்களின் அழகில் எனக்கு மயக்கம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றை வாசகம் கப்பலேறிப் போன இடங்களைப் பார்க்க வேண்டும். மலாயாவில் சீனக் குடும்பங்கள் பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தன. ரத்தம் ஊறுமாம். கறுப்பாக இருப்பதால் இரும்புச்சத்து என்று எண்ணம். ஒரு பைண்டில் இருக்கும் இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. முருங்கைக்கீரைப் பொரியல் இதைவிட எவ்வளவோ மேல், அதுவும் தாய்ப்பாலில் ஆல்கஹாலைக் கலக்காமல். அந்த வாசகத்தைக் கம்பெனி கைவிட்டுப் பல காலம் ஆகிறது. நம்பிக்கை மட்டும் பாட்டிகளின் வாயில் இன்னும் இருக்கிறது.

சரி, வலுவும் இல்லை, மருந்தும் இல்லை. பாரம்பரியமாவது இருக்கிறதா? ஆர்தர் கின்னஸ் 1759ல் டப்ளினில் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை வருடம் 45 பவுனுக்கு, 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்தார். ஒன்பதாயிரம், அச்சுப்பிழை இல்லை. ஆனால் அவர் முதலில் காய்ச்சியது ஏல் என்ற வேறு வகை பீர். கறுப்பு பீர் லண்டன் சரக்கு. அங்கே தெருவில் மூட்டை சுமந்த போர்ட்டர்கள் விரும்பிக் குடித்ததால் அதற்கே போர்ட்டர் என்று பெயர். அதில் வலுவானது 'ஸ்டவுட் போர்ட்டர்'. காலப்போக்கில் பின்பாதி உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது. ஆர்தர் அந்த லண்டன் வகைக்கு மாறி, 1799ல் ஏல் காய்ச்சுவதை அடியோடு நிறுத்தினார். ஆக அயர்லாந்தின் ஆன்மா என்று சொல்லப்படுவது இங்கிலாந்திலிருந்து வாங்கியது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. நம் ஃபில்டர் காப்பிகூட எங்கிருந்தோ வந்ததுதானே.

வலு போனதற்கு முதல் உலகப் போர் ஒரு காரணம். தானியத் தட்டுப்பாட்டில் அரசு போட்ட கட்டுப்பாடுகளால் பீர் இளைத்தது. போர் முடிந்தும் பழைய உடம்பு திரும்பவில்லை. பெயரில் மட்டும் ஸ்டவுட் இருக்கிறது.

அந்தப் பாலாடை நுரை? அதற்கும் வயது அதிகமில்லை. நம் சிவாஜி 'வீரபாண்டிய கட்டபொம்ம'னாக வரி கேட்டவனை வாங்கு வாங்கென்று வாங்கிய அதே 1959ல்தான் அதுவும் வெளியானது. அதற்கு முன்னால் பப்களில் இரண்டு பீப்பாய் வைத்திருப்பார்கள். ஒன்றில் பொங்கும் புதுசு, மற்றதில் அடங்கிய பழசு. இரண்டையும் கலந்து ஊற்ற ஒரு கைப்பழக்கம் வேண்டும். ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும். இதை ஒரே பீப்பாயில் முடிக்க வழி கண்டவர் மைக்கேல் ஆஷ். பீர் காய்ச்சும் பரம்பரையில் வந்தவர் இல்லை, கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். கரியமில வாயு திரவத்தில் தாராளமாகக் கரையும். நைட்ரஜன் கரைய மறுக்கும். அழுத்தத்தில் கரைத்துக் குழாயின் சிறு துளைகள் வழியே பீய்ச்சினால் அது மிகச் சிறிய குமிழிகளாகக் கழன்று வரும். அதுதான் பாலாடை. டம்ளரின் ஓரத்தில் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவது போலத் தெரியும். கண் ஏமாற்று இல்லை, நிஜமாகவே இறங்குகின்றன. டம்ளர் மேலே அகலமாக இருப்பதால் நடுவில் திரவம் ஏறி ஓரத்தில் இறங்குகிறது, இறங்கும்போது குமிழிகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. 2012ல் லிமரிக் பல்கலைக்கழகத்தில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

நைட்ரஜன் நுரையைக் கொடுக்கிறது. பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறது என்பது என் கட்சி. சோடாவின் குத்தல் இல்லாததால் வாய்க்கு இதம். ஆனால் அந்தக் குத்தலோடு மூக்குக்கு வரவேண்டிய வாசனையும் பாதி அமுங்கிவிடுகிறது. ஜில்லென்று வேறு கொடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வழவழப்பு. உலகம் முழுவதும் ருசி என்று புகழ்வது பெரும்பாலும் இந்த வழவழப்பைத்தான்.

இதே ஆலையின் இன்னொரு சாதனையை யாரும் டம்ளரைத் தூக்கி வாழ்த்துவதில்லை. 1899ல் வில்லியம் சீலி காஸெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டுப் பட்டதாரி வேலைக்குச் சேர்ந்தார். எந்த பார்லி நல்லது, எந்த ஹாப்ஸ் நல்லது என்று முடிவு செய்ய வேண்டும். கையில் இருப்பதோ நாலைந்து மாதிரிகள். இவ்வளவு குறைந்த தகவலை எந்த அளவுக்கு நம்பலாம்? அப்போது இருந்த புள்ளியியல் ஆயிரக்கணக்கில் மாதிரி கேட்டது. காஸெட் 1908ல் வழி சொன்னார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் கட்டுரை எழுதக் கம்பெனி விடாததால் 'ஸ்டூடண்ட்' என்று கையெழுத்துப் போட்டார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் டெல்லி பூசாவிலும் நெல் ரகங்களை ஒப்பிடும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் 'ஸ்டூடண்ட் டி' சோதனை அதுதான். பீர் ஆலையிலிருந்து வந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

என்னைக் கேட்டால் கின்னஸின் புகழ் இங்கே சேர வேண்டும். நேற்றைய பீரும் இன்றைய பீரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி பிடிவாதம் பிடித்து, அதற்காகக் கணித மேதைகளைச் சம்பளத்துக்கு வைத்தது. பத்துக் கிளை இருக்கும் ஓட்டலில் சாம்பார் ஒரே ருசியில் வருவதற்கே முதலாளி என்ன பாடுபடுகிறார் என்று தெரிந்தவர்கள் இதைச் சுலபமாக நினைக்க மாட்டார்கள். கின்னஸ் உலகின் சிறந்த ஸ்டவுட் இல்லை. கார்க் நகரத்து மர்ஃபீஸ் அதைவிட மிருது. பீமிஷில் வறுவல் வாசனை தூக்கல். கார்லோவில் 1996ல் தொடங்கிய சின்னக் கம்பெனியின் ஓஹாராஸில் கசப்புக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது. சைவர்கள் கவனத்துக்கு ஒன்று: கின்னஸைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை விடப்போவதாக அறிவித்தது 2015ல்தான்.

அயர்லாந்தை விட்டு வந்தால் கின்னஸ் ருசிக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதையும் சோதித்திருக்கிறார்கள். நாலு ஆராய்ச்சியாளர்கள் 14 நாடுகளில் 33 நகரங்களுக்குப் போய்க் குடித்து நூற்றுக்கு மார்க் போட்டார்கள். (இந்த வேலைக்கு எங்கே மனுப்போடுவது?) 2011ல் வெளியான முடிவு: அயர்லாந்துக்குள் சராசரி 74, வெளியே 57. ஆனால் குடிக்கும்போது எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நால்வருக்கும் தெரியும். டப்ளினில் மழை பெய்ய, யாரோ பிடில் வாசிக்க, நீங்களாக இருந்தால் 57 போடுவீர்களா?

உண்மையில் வெளியே போன கின்னஸ்தான் பழைய குணத்தோடு இருக்கிறது. 1801லேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பத் தனியாக ஒன்று காய்ச்சினார்கள். கப்பலில் வெயிலைத் தாங்க ஹாப்ஸ் அதிகம், ஆல்கஹால் அதிகம். அதன் வாரிசு 'ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்', 7.5 சதவிகிதம். நைட்ரஜன் கிடையாது, பாலாடை கிடையாது. இதன் பெரிய ரசிகர்கள் நைஜீரியர்கள். 1962ல் லாகோஸ் பக்கம் இகேஜாவில் ஆலை வந்தது. எண்பதுகளின் கடைசியில் அரசு பார்லி இறக்குமதிக்குத் தடை போட, சோளத்தில் காய்ச்சினார்கள். டப்ளினிலிருந்து வரும் ஒரு கறுப்புச் சாரத்தை அதில் கலந்தார்கள். 2007ல் நைஜீரியாவின் விற்பனை அயர்லாந்தைத் தாண்டியது. 2024ல் அந்த நைஜீரியக் கம்பெனியே சிங்கப்பூரின் டோலாராம் குழுமத்துக்குக் கைமாறியது, வாஸ்வானி என்ற சிந்திக் குடும்பம் தொடங்கிய குழுமம்.

லண்டன் பெக்கம் பகுதியில் நைஜீரியர் ஒருவரின் மளிகைக் கடையில், சேப்பங்கிழங்குக்கும் கருவாட்டுக்கும் நடுவே அந்தப் பாட்டில் கிடைத்தது. வெல்லப்பாகு, அதிகம் வறுத்த காப்பி, ஒரு காரமான சூடு, போகாமல் நாக்கில் நிற்கும் கசப்பு. முதல் மடக்கிலேயே உட்கார வைத்தது. டப்ளினில் நான் தேடிய யானை இங்கே கண்ணாடி பாட்டிலில் இருந்தது. இலங்கையின் லயன் ஸ்டவுட் குடித்தவர்களுக்கு இந்த வம்சம் தெரியும், அதுவும் 8 சதவிகிதத்துக்கு மேல். கொதிக்கிற ஊர்க்காரர்கள் ஸ்டவுட்டை ஸ்டவுட்டாக வைத்திருக்க, குளிர்நாட்டுக்காரர்கள் நுரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாட்டிலுக்கு யாரும் இன்ஸ்டாகிராமில் கோடு போட்டு விளையாடுவதில்லை.

டப்ளின் பெரியவர் கதையை முடிக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன், மரியாதைக்கு. அவர் உதட்டைப் பிதுக்கினார். இங்கே சுமார்தான், இரண்டு தெரு தள்ளி இன்னொரு பப் இருக்கிறது, அங்கேதான் ஊற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதே ஆலை, அதே பீப்பாய், அநேகமாக அதே லாரி. இருந்தாலும் போனேன். இரண்டு நிமிடம் காத்திருந்து குடித்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நல்ல கின்னஸ் வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும் என்று நான் வந்த வழியைக் காட்டினார்.