உறுதியானவர் வேறு, தொற்றியவர் வேறு

2020-இல் மாலை ஆறு மணியானால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எவ்வளவு?" அரசின் செய்திக்குறிப்பு நாள்தோறும் 'தொற்று உறுதி செய்யப்பட்டவர்கள்' என்றுதான் எழுதியது. தொலைக்காட்சியின் அடியில் ஓடும்போது அது 'பாதிப்பு' ஆனது. டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது 'கொரோனா வந்தவங்க' ஆகிவிட்டது. வழியில் உதிர்ந்தது 'உறுதி' என்ற ஒரே ஒரு சொல். உண்மையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே உதிர்ந்தது.

இன்றும் மேடைகளிலும் கட்டுரைகளிலும் "தமிழ்நாட்டில் 36 லட்சம் பேருக்குக் கொரோனா வந்தது" என்று தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். அது சின்னப் பிசகு அல்ல, முழுத் தவறு. பரிசோதனைச் சாவடிக்கு வந்து, மூக்கில் குச்சி நுழைய இடம் கொடுத்து, ஆய்வகத்தில் 'பாசிட்டிவ்' என்று முடிவு வந்தவர்களின் எண்ணிக்கை அது. நாம் எத்தனை பேரைத் தேடிப் பார்த்தோம் என்பதைத்தான் அது சொல்கிறது. நோய் எத்தனை பேரைத் தேடிப் பிடித்தது என்பது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்கைப் போட்டும் பார்த்தார்கள். 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாநிலம் முழுவதும் 26,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ரத்தம் எடுத்து, கிருமி வந்து போனதற்கு அடையாளமான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்த செரோ ஆய்வு அது. 31.5 சதவீதம் பேரிடம் இருந்தது. அதைக் கொண்டு கணித்தால் நவம்பர் இறுதிக்குள் குறைந்தது 2.26 கோடிப் பேருக்குத் தொற்றியிருக்க வேண்டும். அன்றைய தேதியில் அரசின் பட்டியல் எட்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பட்டியலில் ஒருவர் ஏறியபோது இருபத்தைந்து பேருக்கு மேல் வெளியே நின்றிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு சமாதானம் வரும்: "எண் குறைவாக இருக்கலாம். ஆனால் எங்கே அதிகம், எங்கே குறைவு என்பதையாவது காட்டும் இல்லையா?" படித்தவர்கள், அதிகாரிகள், நிருபர்கள் எல்லோரும் கடைசியாகப் போய் ஒதுங்கும் இடம் இதுதான். அந்த இடமும் பாதுகாப்பானதல்ல. அதே ஆய்வில் தொற்று மிகக் குறைவாகக் காணப்பட்ட மாவட்டம் நீலகிரி, 11.1 சதவீதம். மிக அதிகம் பெரம்பலூர், 51 சதவீதம். பெரம்பலூரோ அரசுப் பட்டியலில் அப்போது கடைசி வரிசையில் கிடந்த மாவட்டம். நீலகிரியில் உறுதியானவர்கள் அதைவிட அதிகம். பட்டியலை நம்பியவர் நீலகிரியைப் பார்த்துப் பயந்திருப்பார், பெரம்பலூரைப் பார்த்து நிம்மதியடைந்திருப்பார். இரண்டில் ஒருவருக்கு வந்து போன ஊரில், அவ்வளவாக ஒன்றுமில்லை என்று வரைபடம் காட்டியது. எண் சிறுத்தது மட்டும் குற்றமில்லை, வரிசையே தலைகீழாகிப்போனது.

ஏன் அப்படி? எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம் ஒரு வீட்டில் ஒருவருக்கு உறுதியானது. மறுநாள் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். பால்காரர் அந்தப் பக்கம் வரவில்லை. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கயிறு கட்டிப் பையை இறக்கிக் காய்கறி வாங்கினார். அந்தத் தகரத்தைப் பார்த்த பிறகு தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வாய் திறக்கவில்லை. கபசுரக் குடிநீர், ஒரு பாராசிட்டமால், உள்ளறையில் நான்கு நாள் படுக்கை, அவ்வளவுதான். வாசனை தெரியவில்லை என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் ரகசியமாகச் சொன்னார். அவரும் பரிசோதனைக்குப் போகவில்லை. பட்டியலில் எங்கள் தெருவுக்கு மொத்தம் ஒரே ஆள். அந்த ஒரு தகரம் எத்தனை பேரைக் கணக்கிலிருந்து அழித்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பயந்து ஒளிந்தவர்கள் ஒரு பகுதிதான். தனக்கு வந்ததே தெரியாதவர்கள் இன்னொரு பெரும்பகுதி. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பரிசோதித்த நேரத்தில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. கப்பல் என்பதால் தேடிப் பார்க்க முடிந்தது. கரையில் இருமல் இல்லாதவரை யார் தேடினார்கள்?

பட்டியலை நம்பியதன் விலையை நாம் கொடுத்தோம். 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது தமிழ்நாட்டில் பச்சையாக எஞ்சியது கிருஷ்ணகிரி ஒன்றுதான். எந்தக் கடை திறக்கலாம், எந்த வண்டி ஓடலாம் என்பதெல்லாம் அந்த நிறத்தைப் பொறுத்து முடிவானது. சில வாரங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் முதல் தேசிய செரோ ஆய்வை நடத்தியது. ஒரு நோயாளிகூடப் பதிவாகாத மாவட்டங்களிலும் ஆன்டிபாடி உள்ளவர்கள் கிடைத்தார்கள். மே தொடக்கத்திலேயே நாட்டில் 64 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கும் என்றது ஆய்வு. பட்டியலில் அப்போது ஐம்பதாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். பச்சை நிறம் என்பதற்கு 'இங்கே நோயில்லை' என்று நாம் பொருள் கொண்டோம். 'இங்கே இன்னும் பார்க்கவில்லை' என்பதும் அதன் பொருளாக இருந்திருக்கிறது.

இதே புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறவர்களும் உண்டு. "கோடிக்கணக்கில் வந்திருக்கிறது, செத்தது சில ஆயிரம்தான், ஆகவே இது சாதாரணச் சளி" என்பது அவர்கள் வாதம். தொற்றைப் பதிவு செய்யாத கை சாவை மட்டும் முழுதாகப் பதிவு செய்திருக்குமா? 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. அந்த முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. ஆனாலும் இடைவெளியின் அளவு கண்ணில் படாமல் போகாது. பிரேசிலின் மனாஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் 76 சதவீதம் பேருக்குத் தொற்றிவிட்டது என்று ரத்த தானம் செய்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். இனி அங்கே வராது என்று பலர் நம்பினார்கள். 2021 ஜனவரியில் அதே ஊரில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் நோயாளிகள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 என்ற எண் வந்தது. அதுவும் உறுதியானவர்கள் மட்டும்தான்.

அதற்காக எந்த ரத்தப் பரிசோதனை எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா மாவட்டத்தில் 3,330 பேரைச் சோதித்ததில் 50 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. உறுதியானவர்களைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் தொற்றியிருக்கிறது என்று செய்தி உலகம் சுற்றியது. ஆனால் அந்தச் சோதனை ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டினாலே, ஐம்பதில் பதினாறு பேர் பொய்க்கணக்கு. இன்னும் கொஞ்சம் தவறினால் ஐம்பதும் போய்விடும். மேலும், வந்தவர்கள் முகநூல் விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்கள். முன்பே காய்ச்சல் கண்டு சந்தேகம் உள்ளவர்தானே முந்திக்கொண்டு வருவார்? நம் ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தவர்களை வேறொரு சோதனையால் மறுபடி சரிபார்த்தார்கள். தொற்று ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த காலத்தில் அந்தக் கவனம் இல்லாமல் எந்த முடிவும் நிற்காது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானையின் விளிம்பில் ஒதுங்கியதை எடுத்துப் பதம் பார்க்கிற சமையல்காரி எவளும் இல்லை. கரண்டியை உள்ளே விட்டுக் கிளறித்தான் எடுப்பாள். பரிசோதனைக்குத் தாமாக வருகிறவர்கள் விளிம்புச் சோறு. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கிளறி எடுத்தது. 2020 ஏப்ரல் இறுதியிலிருந்து 2023 மார்ச் வரை, குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்து, காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரிடமும் மாதிரி எடுத்தார்கள். இன்றைக்கு இத்தனை பேரில் ஒருவருக்குத் தொற்று என்று வாராவாரம் சொன்னார்கள்.

அதை நம்மால் செய்ய முடியாதா? ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் கர்ப்பிணியையும் குழந்தையையும் பெயர் சொல்லி அறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். தேசிய ஆய்வை வழிநடத்திய தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே சென்னையில்தான் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் மாதக்கணக்கான இடைவெளியில் ஒரு செரோ ஆய்வு, நடுவில் தினமும் ஆறு மணி எண் என்று காலம் ஓட்டினோம்.

இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். 2017-18-இல் அதே நிறுவனம் 15 மாநிலங்களில் 5 முதல் 45 வயது வரை உள்ளவர்களிடம் டெங்குவுக்கான செரோ ஆய்வு செய்தது. பாதிப்பேருக்கு, சரியாகச் சொன்னால் 48.7 சதவீதம் பேருக்கு, எப்போதோ ஒருமுறை டெங்கு வந்திருந்தது. தென்னிந்தியாவில் 76.9 சதவீதம். ஆனாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் "டெங்கு பாதிப்பு இத்தனை பேர்" என்று ஒரு எண் வரும். அதைப் படித்துவிட்டு, நம் வார்டு அந்தப் பட்டியலில் இல்லை என்று தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விடுவோம்.