ஆடையின் விலையும் தைத்தவரின் குரலும்

திருவிழாவுக்குப் புத்தாடை எடுக்கும்போது நிறம், அளவு, விலை ஆகியவற்றைப் பார்க்கிறோம். அதைத் தைத்தவரைப் பற்றி நினைப்பதில்லை. பருத்திக் காட்டிலிருந்து கடை வரை ஓர் ஆடை நூற்பாலை, சாயப்பட்டறை, தையற்கூடம், ஏற்றுமதி நிறுவனம் எனப் பல கைகள் மாறி வருகிறது. இந்த விநியோகச் சங்கிலியில் உழைப்பவரின் நிலை என்ன?

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில், டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே விரிசல் தெரிந்ததால் கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர் மட்டும் மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பப்பட்டனர். அங்கிருந்த சில தொழிற்சாலைகள் முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. சான்றிதழ் இருந்தது; 'உள்ளே போகமாட்டோம்' என்று மறுக்கும் வலிமைதான் தொழிலாளருக்கு இல்லை. அவர்களது மாதச் சம்பளம் 38 யூரோ என்ற செய்தியைக் குறிப்பிட்டு, அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வாண்டு மே முதல் நாளன்று இதனை அடிமை வேலை எனக் கண்டித்தார்.

தொழிற்சாலை உரிமையாளரை மட்டும் குறைகூறி நாம் விலகிவிட முடியாது. குறைந்த விலையும் குறுகிய கெடுவும் விதிப்பவை பெரும் வணிக நிறுவனங்களே. 2020-இல் கொரோனா பரவியபோது, தைத்து முடித்த ஆடைகளுக்கான ஆர்டர்களைக்கூட அவற்றுள் பல ரத்து செய்தன. இழப்பு கீழே இருப்பவர் தலையில் விழுந்தது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ராணா பிளாசாவுக்குப் பின் 2013 மே மாதத்தில் வணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும், சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. காலப்போக்கில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இணைந்தன. சார்பற்ற பொறியாளர்கள் கட்டடங்களைச் சோதித்தனர். குறைகளைச் சரிசெய்ய மறுத்த தொழிற்சாலைகளுக்கு ஆர்டர்கள் நிறுத்தப்பட்டன.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். இதன் விளைவாக 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆடை உற்பத்தி நிறுவனம், எச் அண்ட் எம், கேப் போன்ற வணிக நிறுவனங்கள் ஆகியவை இதில் கையெழுத்திட்டன. பாலியல் வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, பெண் தொழிலாளரே பயிற்சி பெற்று வேலைத்தளத்தில் கண்காணிப்பாளர்களாயினர். அச்சமின்றிப் புகார் சொல்லவும் வழி பிறந்தது.

இவ்விரு ஒப்பந்தங்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. வாங்குபவர் கட்டளையிட, செய்பவர் பணிவது ஒத்துழைப்பு ஆகாது. இரு தரப்பும் கட்டுப்பட்டு, அடித்தட்டில் இருப்பவர் குரலுக்கு மதிப்பிருந்தால்தான் அது ஒத்துழைப்பு. இயற்கைப் பருத்தி, மறுசுழற்சி என்று ஆடைகளில் அச்சிட்டு நிலைத்த வளர்ச்சி பேசும் நிறுவனங்கள், அவற்றைத் தைத்தவரின் மாண்பையும் அதே அக்கறையோடு பேண வேண்டும்.

நம் பங்குகளிலிருந்தும் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் விடுமுறையில் வீடு திரும்பும்போது, "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "அங்கே உன்னை எப்படி நடத்துகிறார்கள்?" என்றும் கேட்போமா?