தீர்க்கதரிசிகளின் சினம்

எபிரேயத் தீர்க்கதரிசிகளின் நூல்களைப் பற்றிப் பேச்செழும்போது படித்தவர் பலர் முகஞ்சுளிக்கின்றனர். பழிவாங்கும் தெய்வம், தீயும் வாளும் நிறைந்த ஏடு, நாகரிக மனிதனுக்கு ஒவ்வாத சமயம் என்பன அவர்கள் வழங்கும் தீர்ப்பு. இது புதிய தீர்ப்பன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியோன் என்பார், பழைய ஏற்பாட்டின் தெய்வம் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று வாதாடி அவ்வேட்டையே தள்ளிவிட முனைந்தார். திருச்சபை அவரை விலக்கிற்று. ஆயினும் அவருடைய எண்ணம் மெத்தென்ற நாற்காலிகளில் அமர்ந்து இன்றும் உயிர்வாழ்கின்றது.

இவ்வாறு கூறுவோரிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்று: அச்சினம் யார்மீது எழுந்தது?

கி. மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் எரொபெயாம் வடநாடாகிய இஸ்ரவேலை ஆண்டான். எல்லை விரிந்தது; செல்வம் பெருகிற்று. சமாரியாவின் செல்வர் தந்தக் கட்டில்களிற் சாய்ந்து கிடந்தனர் என்று ஆமோஸ் கூறுவது வெறுங்கற்பனையன்று. இருபதாம் நூற்றாண்டில் அந்நகரை அகழ்ந்தோர் தந்தச் செதுக்கல்களை மண்ணுக்குள்ளிருந்து எடுத்துள்ளனர். அந்தத் தந்தத்தின் கீழே கிடந்தவர் யார்? ஒரு சோடி செருப்பின் பெறுமதிக்காக விற்கப்பட்ட ஏழை. அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, நிறுக்கும் கல்லைப் பெரிதாக்கி, பதரையும் கோதுமையென்று விற்ற வணிகனிடம் ஏமாந்தவன். நகரவாயிலில் நீதி கேட்டுச் சென்று, கைக்கூலி பெற்றவர்களால் விரட்டப்பட்டவன். ஈடாகப் பிடுங்கிய உடைகளைப் பலிபீடங்களின் அருகே விரித்துப் படுத்துக்கொண்டு, அதே செல்வர் விழாவும் கொண்டாடினர்.

தெற்கே தெக்கோவா என்னும் ஊரில் மந்தை மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பேணியும் வாழ்ந்த ஆமோஸ், அரச ஆலயம் இருந்த பெத்தேலுக்கே சென்று இதனைக் கண்டித்தான். உங்கள் விழாக்களையும் பலிகளையும் பாடல்களையும் இறைவன் வெறுக்கிறான் என்றான். ஆலயத்தின் ஆசாரியனான அமத்சியா செய்தது யாது? அரசனுக்கு ஆள் அனுப்பினான். ஆமோசை யூதாவுக்கு ஓடிப் பிழைத்துக்கொள் என்றான். இறைவனின் கோபத்தைப் பொறுக்கமாட்டாது முதலில் முகஞ்சுளித்தவன் அமத்சியாவே. இன்று முகஞ்சுளிப்போர் தாம் எவருடைய வரிசையில் நிற்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான் ஆகாப் மன்னன். அவன் தர மறுத்தான். அரசி யேசபேல் பொய்ச்சாட்சிகளை ஏற்படுத்தி அவனைக் கல்லெறிந்து கொல்வித்தாள். தோட்டத்தைக் கைப்பற்றச் சென்ற மன்னனை எதிர்கொண்ட எலியா, கருணையின் மேன்மையைப் பற்றியா உபதேசிக்க வேண்டும்? கொன்றவனும் தோட்டத்தை வைத்திருப்பவனும் ஒருவனாய் இருக்கையில், அவனுக்குக் காட்டும் கருணை நாபோத்துக்கு இழைக்கும் இரண்டாவது கொலையன்றோ?

தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. பழிவாங்குதலைக் குறிக்கும் 'நாகாம்' என்னும் எபிரேயச் சொல்லினை, பழைய தமிழ்ப் பெயர்ப்பு சில இடங்களில் 'நீதியைச் சரிக்கட்டுதல்' எனத் தருகின்றது. மொழிபெயர்த்தோர் கடுமையை மறைக்க முயன்றனர் எனச் சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கள்ளத் தராசினால் சாய்க்கப்பட்டதை நேராக்கும் செயலை வேறு எவ்வாறு சொல்வது? எந்த மன்றமும் ஏற்காத வழக்கை இறுதியில் ஒருவன் ஏற்பான் என்னும் நம்பிக்கையே அச்சொல்லில் அடங்கியிருக்கின்றது.

ஆயின் மறுசாரார் உளர். இவர்கள் தீர்க்கதரிசிகளின் சினத்தை வெறுப்பவரல்லர். அதனைத் தமது படைக்கலக் கொட்டிலிற் சேர்த்துக்கொள்பவர். தம் பகைவன் அழிவதே இறைநீதி என்பர். இவர்களுக்கும் அவ்வேட்டிற் சான்று கிடையாமலில்லை. கி. மு. 612இல் வீழ்ந்த நினிவேயின் அழிவைப் பாடுகின்றது நாகூமின் நூல். அசீரியரின் கொடுமை பொய்யன்று. கி. மு. 701இல் லாகீசை முற்றுகையிட்டபோது கைதிகளைக் கழுவேற்றியதை அவர்களே கல்லிற் செதுக்கி அரண்மனையில் வைத்தனர். அக்கற்கள் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. எனவே நாகூமின் களிப்பு விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் அவனுடைய மூன்று அதிகாரங்களிலும் தன் மக்களின் குற்றத்தைக் கடிந்து ஒரு சொல்லேனும் இல்லை. ஏசாயாவின் பெயரால் வழங்கும் நூலின் பதின்மூன்றாம் அதிகாரமோ, பாபிலோனின் குழந்தைகள் பெற்றோர் கண்முன்னே மோதிக் கொல்லப்படுவர் என்கின்றது. இதற்கு நாம் சமாதானம் தேடப்போவதில்லை. குழந்தை எந்தத் தராசையும் சாய்க்கவில்லை. அங்கே நீதி முடிந்து பழி தொடங்கிவிட்டது.

இரண்டையும் பிரித்தறியும் அளவுகோலை அவ்வேடே தருகின்றது. ஆமோசின் நூல் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அயலாரின் குற்றங்களை வரிசையாகச் சொல்லித் தொடங்குகின்றது. கேட்டவர் தலையசைத்திருப்பர். அடுத்து யூதா, அதன்பின், எல்லாவற்றிலும் விரிவாக, இஸ்ரவேல். மோவாபின் குற்றம் யாதெனின், ஏதோமிய அரசனின் எலும்புகளை எரித்தமை. இதில் இஸ்ரவேலருக்கு எந்த நட்டமும் இல்லை. பகைவனுக்குப் பகைவன் இழைத்த கொடுமையும் கொடுமையே என்பதே இதன் பொருள். எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றே என்று இறைவன் கூறுவதாகவும் அவன் உரைத்தான். தந்தையின் குற்றத்துக்காக மகன் சாகான் என்று பின்னர் எசேக்கியேல் உரைத்தான். யோனாவின் நூலோ, நினிவே அழியாமற் போனதற்காக மனம் நொந்து குந்தியிருந்த தீர்க்கதரிசியையே நகைக்கின்றது. வலக்கை இடக்கை அறியாத 120,000 மாந்தரும் மிகுதியான கால்நடைகளும் உள்ள நகருக்கு நான் இரங்கலாகாதா என்ற இறைவனின் வினாவுடன் அந்நூல் முடிகின்றது. யோனாவின் விடை அங்கே எழுதப்படவில்லை.

ஆகவே, தன் வீட்டுக் கதவையும் தட்டும் சினமே நீதி. அயலான் வீட்டை மட்டும் எரிக்கும் சினம் வெறும் பழி. இன்றும் தெய்வத்தின் பெயரால் குண்டு வீசுவோர் ஆமோசின் முதல் ஆறு கண்டனங்களை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகின்றனர். இறைவன் பார்த்துக்கொள்வான், நீ வாய்மூடியிரு என்று ஏழைக்குப் போதிப்போரோ ஏட்டைத் திறப்பதேயில்லை. பழி இறைவனுக்குரியதென்று நம்பிய ஆமோஸ் வாய்மூடியிருக்கவில்லை. பெத்தேலுக்கு நடந்து சென்றான்.

கி. மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. தந்தங்கள் மண்ணுக்குள் புதைந்தன. மந்தை மேய்த்தவனின் குற்றச்சாட்டு மட்டும் புதையவில்லை. அதனைப் படிக்க விரும்புவோர் எட்டாவது பெயர் வரையிலும் படிக்கட்டும். அந்த இடத்தில் தம் பெயரையும் வைத்துப் பார்க்கட்டும்.