கடற்கரை ரோஜாவுக்குத் தனிப் பஞ்சாங்கம் வேண்டும்

ரோஜாச் செடி குளிர்நாட்டு விருந்தாளி என்றும், கொச்சி போன்று உஷ்ணமும் ஈரமும் மிகுந்த கடற்கரை ஊர்களில் அது செழிக்காது என்றும் பலர் கருதுகின்றனர். மட்டாஞ்சேரியில் வசிக்கும் நண்பர்கள், உதகையிலிருந்து ஆசையுடன் வாங்கி வந்த செடி முதல் மழைக்காலத்திலேயே இலைகளை உதிர்த்துக் குச்சியாய் நிற்பதைச் சான்றாகக் காட்டுவர். இக்கருத்து முற்றிலும் சரியன்று. செடியைக் கெடுப்பதில் ஊரின் வெப்பத்துக்கு உள்ள பங்கைவிட, ஊருக்குப் பொருந்தாத ஆலோசனைக்கு உள்ள பங்கு பெரிது என்பது எனது அபிப்பிராயம்.

அவ்வித ஆலோசனை ஒன்றை வழங்கியதில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ரோஜா வளர்ப்பைப் பற்றிய சிறு குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி எனக்குக் கிடைத்தது. "அக்டோபர் இரண்டாம் வாரத்தில் செடிகளை ஆழமாகக் கவாத்துச் செய்க" என்று மூலத்தில் கண்டிருந்ததை, ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் பெயர்த்தேன். மட்டாஞ்சேரியிலுள்ள பள்ளியொன்றின் ஆசிரியர் அதைப் படித்து, மாணவர்களைக் கொண்டு தோட்டத்துச் செடிகளை அவ்வாறே வெட்டுவித்தார். அதே வாரத்தில் துலாவருஷம் தொடங்கியது. மாலைதோறும் இடியுடன் மழை கொட்டியது. வெட்டுவாய்கள் கறுத்தன, கருமை தண்டு வழியே கீழிறங்கியது, மார்கழிக்குள் பாதிச் செடிகள் பட்டுப்போயின. "சார், நீங்கள் எழுதியபடியேதான் செய்தோம்" என்று அவ்வாசிரியர் பின்னர் என்னிடம் கூறினார். அவர் என்னைக் குறைகூறவில்லை. ஆயினும் அச்சொற்களை என்னால் மறக்க இயலவில்லை.

குறிப்பு பொய்யன்று, அது வடநாட்டுச் சமவெளிக்காக எழுதப்பட்டது. டில்லியில் செப்டம்பர் இறுதியில் பருவமழை விலகிவிடுகிறது. பின்னர் வறண்ட காற்றும் குளிரும் வருகின்றன. அங்கே அக்டோபரில் வெட்டிய கிளை உலர்ந்த காற்றில் விரைவில் ஆறி, குளிர்காலத்தில் பூக்கிறது. கொச்சியிலோ இடவப்பாதி மழை ஓய்ந்த பின்னர் ஐப்பசியில் இரண்டாம் மழை வருகிறது. ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஜனவரி இரவிலும் உஷ்ணம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இவ்விரு ஊர்களுக்கும் ஒரே பஞ்சாங்கம் எவ்வாறு பொருந்தும்?

ரோஜாவின் வரலாற்றை நோக்கினாலும் குளிர் அதற்கு இன்றியமையாததன்று என்பது புலனாகும். இன்றைய தோட்ட ரோஜாக்கள் ஆண்டில் பலமுறை பூக்கும் இயல்பைச் சீன ரோஜாவிடமிருந்து பெற்றன. வங்காளத்தின் நீர்நிலைக் கரைகளில் ரோசா கிளைனோபில்லா என்னும் காட்டு ரோஜா இயற்கையாகவே வளர்கிறது. மாலை கட்டுவோர் நன்கறிந்த எட்வர்டு ரோஜா, ரீயூனியன் என்று இன்று வழங்கும் பூர்போன் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய கலப்பினத்தைச் சார்ந்தது. இந்து மகாசமுத்திரத்தின் நடுவில், கடற்காற்றிலும் மழையிலும் பிறந்த செடிக்குக் கொச்சிக் காற்று அந்நியமாகுமா?

இங்கு செடியின் உண்மையான பகைவன் கரும்புள்ளி நோய். டிப்ளோகார்ப்பன் ரோசே என்னும் பூசணம் இதனை உண்டாக்குகிறது. இப்பூசணத்தின் வித்துக்கள் இலையினுள் புகுவதற்கு, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் நனைந்திருத்தல் வேண்டும். இந்த ஓர் உண்மையை அறிந்தவருக்கு மற்ற விதிகள் தாமே விளங்கும். மாலையில் இலை மீது நீர் தெளித்தால் இரவு முழுதும் ஈரம் தங்கும். ஆகவே காலையில், வேரடியில் மட்டும் நீர் விடவேண்டும். செடிகளை நெருக்கி நட்டால் காற்று புகாது. ஆகவே இடைவெளி விடவேண்டும். உதிர்ந்த இலையில் பூசணம் தங்கியிருக்கும். ஆகவே அதைப் பெருக்கி அப்புறப்படுத்த வேண்டும். காலை வெயில் விழும் இடம் இலையை விரைவில் உலர்த்தும். ஆகவே செடிக்குக் கிழக்குப் பக்கம் திறந்திருத்தல் நலம்.

கவாத்தைத் துலாவருஷம் ஓய்ந்த பின்னர், டிசம்பர்த் தொடக்கத்தில் செய்யலாம். நோயுற்ற கிளைகளையும் மெலிந்த கிளைகளையும் நீக்கி, மற்றவற்றை இலேசாகக் குறைத்தால் போதும். மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், நீர் ஒரு லிட்டர் கொண்டு ஆக்கிய போர்டோ பசையை வெட்டுவாயில் தடவுக. பள்ளிகளில் இதனை ஆசிரியரே செய்தல் வேண்டும். ஆறேழு வாரங்களில், வானம் தெளிந்திருக்கும் காலத்தில், மலர்கள் தோன்றும். காயலை அடுத்த தாழ்ந்த நிலத்தில் வேர் நீரில் நிற்குமாதலால், மேட்டுப்பாத்தி அல்லது தொட்டி உகந்தது. கோடையில் உப்பேறிய கிணற்று நீரை ரோஜா பொறுக்காது; சேமித்த மழைநீர் சிறந்தது.

மருந்தினும் மேலானது தக்க இனம். கோதுமைத் துருநோயை எதிர்க்கும் இனங்களை உருவாக்கியவரும், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக 1965 முதல் பணியாற்றியவருமான டாக்டர் பி. பி. பால் அவர்கள், நம் நாட்டுக்கேற்ற ரோஜா இனங்களையும் தாமே ஒட்டுச்சேர்த்து உருவாக்கினார். கொடைக்கானலில் திரு. வீரராகவன் அவர்கள், மேற்கூறிய வங்காளக் காட்டு ரோஜாவைக் கொண்டு வெப்பநாட்டு இனங்களைப் படைத்துள்ளார். நாற்றங்காலில் பூவின் பருமனைப் பார்த்துச் செடி வாங்குவதைவிட, ஆடி மாதத்தில் அண்டை வீட்டில் இலையுதிராமல் நிற்கும் செடியிலிருந்து பதியன் பெறுவது அறிவுடைமை.

மூலத்திலுள்ளதை மாற்றுவது மொழிபெயர்ப்பாளனின் வேலையன்று என்று சிலர் கூறுவர். அது நியாயமே. தன் விருப்பப்படி தேதிகளைத் திருத்தத் தொடங்கினால், ஏட்டின் நம்பகம் குலையும். ஆனால் பொருந்தாத தேதியை மௌனமாகக் கடத்தினாலும் நம்பகம் குலையும். தன் கையால் வெட்டிய செடி கருகியதைக் கண்ட சிறுவன் ரோஜாவை மட்டும் வெறுப்பதில்லை. விஞ்ஞானம் என்பது ஏட்டுக்குரியது, தோட்டத்துக்கு உதவாதது என்றும் முடிவு செய்துவிடுகிறான். அந்த நஷ்டத்தை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

ஆகவே எனது வேண்டுகோள் இரண்டு. ஆலோசனை எழுதுவோர், தேதியுடன் அது எந்தப் பிரதேசத்துக்குரியது, எக்காரணத்தால் விதிக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். காரணம் கூறப்பட்டால், தேதியை ஊரார் தாமே கணித்துக்கொள்வர். களப்பணியாளரும் ஆசிரியரும் மழை தொடங்கிய நாள், முதற்புள்ளி கண்ட நாள், கவாத்துச் செய்த நாள், பூத்த நாள் ஆகியவற்றைக் குறித்து வரவேண்டும். மூன்றாண்டுக் குறிப்பு சேர்ந்தால், அதுவே அவ்வூரின் ரோஜாப் பஞ்சாங்கமாகும்.

மட்டாஞ்சேரி முற்றங்களில் இஞ்சியைச் சுக்காக உலர்த்தும் தொழிலாளி, அச்சிட்ட தேதியைப் பார்த்துச் சரக்கை விரிப்பதில்லை; வானத்தைப் பார்த்து விரிக்கிறார். அவரிடம் உள்ள அந்தப் பழக்கத்துக்குக் காரண அறிவைத் துணையாகச் சேர்ப்பதே நமது பணி.