பட்டியலில் சேர்த்தால் மட்டும் ஊர் பிழைக்குமா?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நியூ ரிவர் பள்ளத்தாக்கில் இருக்கிறது தர்மண்ட். நிலக்கரி ரயில்களால் செழித்த ஊர். கடைவீதியே தண்டவாளத்தை ஒட்டித்தான்! நீராவி இன்ஜின் போய் டீசல் வந்ததும், தண்ணீரும் கரியும் நிரப்ப ரயில் நிற்க வேண்டிய தேவையே போச்சு. வேலை இல்லாமல் ஜனங்களும் கிளம்பிட்டாங்க. 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியது 5 பேர்.

1984-ல் இந்த ஊர் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால், ஒழுகும் கூரையைப் பட்டியல் அடைக்காது. 1995-ல் புதுப்பிக்கப்பட்ட பழைய ரயில் நிலையம் பார்வையாளர் மையமானது. அது நிமிர்ந்து நிற்கக் காரணம், அதற்கு ஒரு வேலை கிடைத்ததுதான். பூட்டிக்கிடக்கும் மற்ற கட்டடங்களுக்கும் அப்படியொரு வேலை வேண்டும். ஆள் புழங்காத வீடு பாழாகத்தானே செய்யும்?